எதனால் என்று கேட்காமல் யாரால் என்று கேட்டால்

"செய்வினை, பில்லி, சூனியம் என்று நம்புவது அவரவர் விருப்பம். நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் ஒதுங்கிப் போகட்டும். இதனால் சமூகத்துக்கு அப்படி என்ன கேடு வந்துவிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்தவர் நம்பிக்கையில் தலையிடக் கூடாது என்ற நாகரிகம் இந்தக் கேள்வியில் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் சூனிய நம்பிக்கையை மற்ற நம்பிக்கைகளோடு ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. காரணத்தைச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உலகைப் படைத்தது யார், இறந்தபின் என்ன ஆகும் என்பவை பற்றி ஒருவர் எதை நம்பினாலும் அது பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தொடுவதில்லை. சூனிய நம்பிக்கையோ நேராக அந்தப் பாட்டியின் வாசலில் போய் நிற்கிறது. "எனக்கு வந்த துன்பம் தானாக வரவில்லை, ஒரு மனிதர் அதை ஏவிவிட்டார்" என்பதுதான் அதன் சாரம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும், மாடு செத்தாலும், தொழில் நொடித்தாலும் இரண்டு விதமாகக் கேட்கலாம். எதனால் வந்தது? யாரால் வந்தது? முதல் கேள்வி தண்ணீரை, கொசுவை, கணக்குப் புத்தகத்தைத் தேடிப் போகும். இரண்டாவது கேள்வி ஆளைத் தேடிப் போகும். தேடிப் போனவருக்கு ஆள் கிடைக்காமல் இருப்பதில்லை. இந்த நம்பிக்கை செய்கிற அத்தனை கேடுகளுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு பழைய வழக்கைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். கோள்கள் சூரியனை நீள்வட்டப் பாதையில் சுற்றுகின்றன என்று கண்டுபிடித்த யோகான்னஸ் கெப்ளரின் தாய் கதரீனா, தெற்கு ஜெர்மனியில் லியோன்பெர்க் என்ற சிற்றூரில் தனியாக வாழ்ந்தவர். மூலிகை மருந்து கொடுப்பது அவர் வழக்கம். 1615ஆம் ஆண்டு, எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவர்மீது அதே ஊர்ப் பெண் ஒருவர் குற்றம் சாட்டினார். சில ஆண்டுகளுக்கு முன்பு கதரீனா கொடுத்த பானத்தைக் குடித்ததால்தான் தன் உடம்பு கெட்டுப்போனது என்றார். அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. ஊரே தன் பழைய வலிகளை எண்ணிப் பார்க்கத் தொடங்கியது. பள்ளி ஆசிரியரின் கால் முடமானது அந்தக் கிழவியால்தான். செங்கல் சுமந்து போன சிறுமிக்குக் கை வலி வந்ததும் வழியில் அந்தக் கிழவி எதிர்ப்பட்டதால்தான். 1620 ஆகஸ்டில் கதரீனாவைக் கைது செய்து சங்கிலியில் பிணைத்தார்கள். காவலுக்கு இரண்டு ஆட்கள். அந்தச் செலவையும் அவர் தரப்பே ஏற்க வேண்டியிருந்தது.

கெப்ளர் தன் ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு வந்து தாய்க்காக வாதாடினார். சூனியம் என்பதே கிடையாது என்று அவர் வாதாடவில்லை. அவரே ஜாதகம் கணித்துக் கொடுத்தவர். ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியாக எடுத்து, எதனால் என்று கேட்டார். ஆசிரியர் சுமையோடு பள்ளம் தாண்டிக் குதித்தவர். கால் அதனால் போயிற்று. செங்கல் சுமந்தால் எந்தச் சிறுமிக்கும் கை வலிக்கும். குற்றம் சாட்டிய பெண்ணுக்கு நெடுநாளாகவே உடல்நலக் குறைவு இருந்தது. வேறு மருந்துகளும் சாப்பிட்டிருந்தார். வானத்துக் கோள்களின் போக்கைக் கணக்கிட்ட அதே பொறுமையோடு ஒரு கிழவிமீது விழுந்த பழியைச் சிக்கெடுத்தார் மகன். 1621 செப்டம்பரில் சித்திரவதைக் கருவிகளைக் கதரீனாவின் கண்முன் காட்டி மிரட்டினார்கள். உடம்பிலிருந்து நரம்பை ஒவ்வொன்றாக உருவினாலும் ஒப்புக்கொள்ளத் தன்னிடம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார் அந்தத் தாய். பதினான்கு மாதச் சிறைக்குப் பிறகு விடுதலை. ஆறே மாதத்தில் இறந்துபோனார்.

பேரரசரின் கணித அறிஞர் மகனாக இருந்ததால் இந்த ஒரு பெண் எரியாமல் தப்பினார். பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் சூனியக் குற்றத்துக்காகக் கொல்லப்பட்டவர்கள் நாற்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் பேர் வரை இருக்கலாம் என்பது வரலாற்றாய்வாளர்களின் கணிப்பு. அவர்களில் நான்கில் மூன்று பங்கு பெண்கள். ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அவர்களுக்காக அம்பலம் ஏறிப் பேச யாரும் இருக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு, "அது அந்தக் காலம், படிக்காத ஜனங்கள்" என்று சொல்லத் தோன்றும். அந்த எண்ணம் தவறு. மானிடவியலாளர் எவான்ஸ் பிரிட்சார்ட் மத்திய ஆப்பிரிக்காவின் அசாண்டே மக்களிடையே தங்கி ஆராய்ந்து 1937இல் வெளியிட்ட நூலில் ஒரு தானியக் களஞ்சியம் வருகிறது. வெயிலுக்கு அதன் நிழலில் ஒதுங்கியிருந்தவர்கள்மீது களஞ்சியம் இடிந்து விழுகிறது. கறையான் அரித்துத்தான் கால்கள் உளுத்தன என்பது அந்த மக்களுக்கு நன்றாகவே தெரியும். அவர்கள் கேட்பது வேறு: இத்தனை நாள் நின்ற களஞ்சியம் இவர்கள் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில் ஏன் விழ வேண்டும்? அதற்குக் கறையானிடம் பதில் இல்லை, சூனியத்திடம் இருக்கிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்லிவிட்டு நகர்வது நமக்குச் சொல்லில் எளிது. ஆனால் குழந்தையைப் பறிகொடுத்தவரிடம் போய் அது தற்செயல் என்று சொல்லிப் பாருங்கள். தற்செயலைவிட ஓர் எதிரி இருப்பதே அவருக்குத் தாங்கக்கூடியதாக இருக்கும். இந்த வலியைப் புரிந்துகொள்ளாமல் மூடர்கள் என்று திட்டுகிறவர்களால் இந்த நம்பிக்கையை ஓர் அங்குலம்கூட நகர்த்த முடியாது.

நம்பிக்கையின் பரப்பும் நாம் நினைப்பதைவிடப் பெரியது. பொருளியலாளர் போரிஸ் கெர்ஷ்மன் 2022இல் வெளியிட்ட ஆய்வு 95 நாடுகளில் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்புகளை வைத்து எழுதப்பட்டது. ஒருவர் மந்திரத்தால் இன்னொருவருக்குத் தீங்கு செய்ய முடியும் என்று நம்புவதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர். ஸ்வீடனில் 9 சதவீதம், துனிசியாவில் 90 சதவீதம். படித்தவர்களிடமும் வசதி உள்ளவர்களிடமும் இந்த நம்பிக்கை குறைவாகக் காணப்படுகிறது. ஆனால் முற்றிலும் இல்லாமல் போகவில்லை.

சரி, யாரால் என்ற கேள்வி எழுந்தபின் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். குறி சொல்கிறவர் முன்னால் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. அவர் எடுத்தவுடன் பெயர் சொல்வதில்லை. "வெளியாள் இல்லை, உங்களுக்கு வேண்டியவர்தான்" என்கிறார். கேட்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். "உங்கள் வீட்டுக்கு வந்து போகிறவர். வயதானவர். பெண் போலத் தெரிகிறது." யாரோ ஒருவர் தலையசைக்கிறார். "உங்களுக்கும் அவருக்கும் ஏதோ மனத்தாங்கல் இருக்கிறதே?" எந்தக் குடும்பத்தில்தான் மனத்தாங்கல் இல்லை? நான்காவது வாக்கியத்துக்கு முன்பே அந்தக் குடும்பத்தில் ஒருவர் பெயரைச் சொல்லிவிடுகிறார். "நான் சொல்லவில்லை, நீங்களே சொல்லிவிட்டீர்கள்" என்று குறிசொல்பவர் கண்ணை மூடிக்கொள்கிறார். பெயர் அவர்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்தது. பழைய பகை, பாகப்பிரிவினைத் தகராறு, கொடுத்த கடன், வாங்கிய கடன் எல்லாம் சேர்ந்து எழுதி வைத்திருந்த பெயர் அது. அதற்கு முத்திரை குத்திக் கொடுப்பதுதான் அவர் தொழில். அதற்குக் கூலியும் உண்டு.

இப்படி வெளியே வரும் பெயர் யாருடையது என்பதைக் கவனித்தால் இந்த நம்பிக்கையின் முகம் தெரிந்துவிடும். ஊர்த்தலைவர் பெயர் வருவது அரிது. கணவனை இழந்தவள், பிள்ளை இல்லாதவள், சண்டைக்கு அஞ்சாதவள், கூன் விழுந்தவள், புத்தி தடுமாறி இரவில் தெருவில் அலைகிறவள், தன் பெயரில் ஒரு துண்டு நிலம் வைத்திருக்கிறவள் ஆகியோரின் பெயர்கள்தான் வருகின்றன. திருப்பி அடிக்க முடியாதவர்கள்மீதுதான் பழி விழுகிறது. அவள் துரத்தப்பட்டால் நிலம் யாருக்குப் போகும் என்று கேட்டுப் பார்த்தால் பல வழக்குகள் பாதி தெளிந்துவிடும்.

டான்சானியாவின் மியாட்டு மாவட்டத்தில் எட்வர்ட் மிகேல் என்ற பொருளியலாளர் செய்து 2005இல் வெளியிட்ட ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். மழை பொய்த்த ஆண்டுகளிலும் மிதமிஞ்சிப் பெய்த ஆண்டுகளிலும் சூனியக்காரி என்று சொல்லிச் செய்யப்படும் கொலைகள் மற்ற ஆண்டுகளைவிட இரு மடங்காகின்றன. மற்றக் கொலைகளின் எண்ணிக்கை அப்படி ஏறுவதில்லை. கொல்லப்பட்டவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். கொன்றவர்கள் பெரும்பாலும் உறவினர்கள். பஞ்ச காலத்தில் வீட்டில் ஒரு வாய் குறைகிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சூனியம் என்ற சொல் அந்தக் கணக்கை மறைத்துக் கொடுக்கிறது.

காங்கோ ஜனநாயகக் குடியரசின் தலைநகர் கின்சாசாவில் தெருவில் வாழும் குழந்தைகளில் பலர், சூனியக் குழந்தை என்று பழி சுமத்தி வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டவர்கள். பெற்றோர் இறந்து உறவினர் வீட்டில் பாரமாக வளர்ந்த பிள்ளைகள், படுக்கையை நனைக்கும் பிள்ளைகள், வலிப்பு நோயுள்ள பிள்ளைகள் அவர்களில் அதிகம். டான்சானியாவிலும் மலாவியிலும் பிறவியிலேயே தோல் வெளுத்துப் பிறந்தவர்களின் உடல் உறுப்புகள் அதிர்ஷ்டம் தரும் என்று நம்பி, அவர்களை வெட்டிச் சிதைக்கிறார்கள்; கல்லறைகளைத் தோண்டுகிறார்கள். ஐக்கிய நாடுகள் அவை 2015இல் இதற்கென்றே தனியாக ஒரு சுதந்திர நிபுணரை நியமிக்க வேண்டியதாயிற்று. 2021 ஜூலையில் அந்த அவையின் மனித உரிமைப் பேரவை சூனியக் குற்றச்சாட்டு சார்ந்த கொடுமைகளை ஒழிக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது.

நம் நாட்டின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் பதிவுகளின்படி 2000 முதல் 2016 வரை இந்தியாவில் சூனியத்தைக் காரணமாகச் சொல்லிக் கொல்லப்பட்டவர்கள் 2,500க்கும் மேல். 2021இல் மட்டும் 68 பேர். 2025 ஜூலையில் பிகாரின் பூர்ணியா மாவட்டத்தில் ஒரு குழந்தையின் சாவுக்குப் பழி சுமத்தி ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரைக் கொன்று எரித்தார்கள். கொலையில் முடியாமல், தலையை மழித்து, அடித்து, ஊரைவிட்டு விரட்டியதோடு நின்றுவிட்டவை இந்த எண்ணிக்கையில் வருவதில்லை.

அதிகாரம் உள்ளவர் கையில் இந்த நம்பிக்கை சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் சான்றுகள் உண்டு. காம்பியாவில் 2009இல் அதிபர் யாஹ்யா ஜாமே காலத்தில் நூற்றுக்கணக்கான கிராமத்து முதியவர்களை ஆயுதப் படையினர் பிடித்துப் போய், மயக்கம் தரும் கஷாயத்தைக் குடிக்க வைத்து, சூனியக்காரர் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லித் துன்புறுத்தினார்கள். ஹைத்தியின் தலைநகரில் 2024 டிசம்பரில் ஒரு கும்பல் தலைவன் தன் மகனின் நோய்க்குப் பகுதி மக்களின் சூனியமே காரணம் என்று நம்பினான். சில நாள்களில் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 207 பேர் என்று ஐக்கிய நாடுகள் அவை கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்.

இந்தப் பழிக்கு ஏன் பதில் சொல்ல முடிவதில்லை? மறுத்தால் கல்நெஞ்சக்காரி, அழுதால் நடிப்பு, ஒப்புக்கொண்டால் குற்றவாளி. ஜெர்மனியின் பாம்பெர்க் நகரில் மேயராக இருந்த யோகான்னஸ் யூனியஸ் 1628இல் சிறையிலிருந்து தன் மகளுக்கு ரகசியமாக எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் இருக்கிறது. கட்டைவிரல்களை நசுக்கியிருந்ததால் பல நாள் எடுத்து எழுதினார். தான் ஒரு குற்றமும் செய்யவில்லை, வலி தாங்காமல் கதை கட்டிச் சொன்னேன் என்கிறார் அதில். எதையாவது ஒப்புக்கொண்டுவிடுங்கள், இல்லையென்றால் விடமாட்டார்கள் என்று சித்திரவதை செய்தவனே கெஞ்சினானாம். ஒப்புக்கொண்டபின் கூட்டாளிகளின் பெயர்களைக் கேட்டார்கள். யாருமில்லை என்றதும், நகரத்தின் தெருக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இந்தத் தெருவில் யார், அடுத்த தெருவில் யார் என்று கேட்டார்கள். அவர் சொன்ன பெயர்களுக்கு உரியவர்கள் அடுத்து வந்தார்கள். இந்த வழக்குகளை அருகிலிருந்து பார்த்த ஃபிரீட்ரிக் ஷ்பே என்ற பாதிரியார், சூனியக்காரர்களை உருவாக்குவது சித்திரவதைதான் என்று 1631இல் பெயர் போடாமல் ஒரு நூல் எழுதினார். பெயர் போட்டிருந்தால் அவரும் அந்தத் தெருக்கணக்கில் வந்திருப்பார்.

இனி நோய்க்கு வருகிறேன். கொலைகள் செய்தியாகின்றன. மருத்துவமனைக்குப் போகாமல் இறந்தவர்கள் செய்தியாவதில்லை. என் மனத்தை அதிகம் வாட்டுவது இந்தப் பகுதிதான்.

பாம்புக்கடியை எடுத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 54 லட்சம் பேரைப் பாம்பு கடிக்கிறது. விஷம் ஏறுவது 18 முதல் 27 லட்சம் பேருக்குத்தான். மற்றவர்களைக் கடித்தது விஷமில்லாத பாம்பு, அல்லது கடித்தும் விஷத்தை இறக்காத பாம்பு. அதாவது, மந்திரித்துக் கயிறு கட்டுகிறவரிடம் வருகிற இரண்டு பேரில் ஒருவராவது எதுவும் செய்யாவிட்டாலும் பிழைக்கப் போகிறவர். அந்த ஒருவர் ஊரெல்லாம் போய் மந்திரத்தின் மகிமையைச் சொல்கிறார். மற்றவருக்கு அந்த ஒரு மணி நேரமும் இரண்டு மணி நேரமும்தான் உயிர். விஷமுறிவு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. அவர் இறந்துவிட்டால், நேரம் கடந்து கொண்டுவந்தார்கள் என்றோ விதி முடிந்தது என்றோ சொல்லிவிடலாம். செத்தவர் திரும்பி வந்து சாட்சி சொல்லப் போவதில்லை. உயிர் பிழைத்தவர்கள் மட்டுமே பேசுகிற இடத்தில் எந்த மருத்துவமும் வெற்றி பெற்றதாகத்தான் தெரியும். ஆண்டுதோறும் பாம்புக்கடியில் இறப்பவர்கள் 81 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சத்து 38 ஆயிரம் வரை.

வலிப்பு நோயிலும் இதே கதை, இன்னும் மெதுவாக நடக்கிறது. உலகில் ஏறத்தாழ ஐந்து கோடிப் பேருக்கு வலிப்பு நோய் உண்டு. முறையாக நோயறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும். ஆனால் பிள்ளை திடீரென்று விழுந்து, கண் செருகி, வாயில் நுரை தள்ளுவதைப் பார்க்கும் தாய்க்கு அது மூளையின் மின்னோட்டக் கோளாறு என்று எப்படித் தோன்றும்? ஏதோ ஒன்று பிள்ளைக்குள் புகுந்துவிட்டது என்றுதான் தோன்றும். வலிப்பு சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடுவது வழக்கம். அந்த நேரத்தில் சாம்பல் பூசியவருக்கும் சாட்டையால் அடித்தவருக்கும் பெயர் கிடைத்துவிடுகிறது. அடுத்த வலிப்பு வரும்போது எதிரி இன்னும் பலமாக ஏவியிருக்கிறான் என்று விளக்கம் கிடைக்கிறது. இப்படிச் சில ஆண்டுகள் போனபின் மருத்துவரிடம் வரும் பிள்ளையின் உடம்பில் சூடு போட்ட தழும்புகள் இருக்கும். பள்ளிப் படிப்பு நின்றுபோயிருக்கும்.

மனநோய் என்றால் சங்கிலி. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த ஒரு கொட்டகையில் தீப்பிடித்தபோது, அங்கே சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். புனித இடத்தின் அருகே இருந்தால் பிடித்தது விட்டுவிடும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அன்பில்லாமல் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வேறு வழி தெரியாமல், அருகில் மனநல மருத்துவர் இல்லாமல், நம்பிக்கை ஒன்றை மட்டும் பற்றிக்கொண்டு வந்தார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிகளை எந்த வடிவத்திலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துவிட்டது. ஆனாலும் மனித உரிமைக் கண்காணிப்பகம் 2020இல் வெளியிட்ட அறிக்கை, இப்படிக் கட்டிவைக்கும் வழக்கம் ஏறத்தாழ 60 நாடுகளில் இருப்பதைப் பதிவு செய்தது.

பிறகு, கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்டம். பக்கத்து வீட்டுக்காரர் மந்திரத்தால் என்னைக் கெடுக்க முடியும் என்று நம்புகிறவர் எப்படி வாழ்வார்? நல்ல செய்தியை மறைப்பார். விளைச்சலைக் குறைத்துச் சொல்வார். பிறர் கொடுப்பதை வாங்கிச் சாப்பிடத் தயங்குவார். கூட்டாகத் தொழில் தொடங்க மாட்டார். ஊரில் முதலாவதாகப் புதிய பயிரோ புதிய முறையோ முயன்று பார்ப்பவர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்கிறார்: தோற்றால் செய்வினை பட்டவர், ஜெயித்தால் செய்வினை வைத்தவர். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளை ஆராய்ந்த கெர்ஷ்மன், சூனிய நம்பிக்கை மிகுந்த பகுதிகளில் மனிதர்கள் ஒருவரையொருவர் நம்புவது குறைந்திருப்பதைக் கண்டார். எது காரணம், எது விளைவு என்று முழுவதுமாகப் பிரித்துவிட முடியாதுதான். இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன என்பது என் எண்ணம்.

சூனியம் வேறு, நாள் நட்சத்திரம் பார்ப்பது போன்ற சில்லறை மூடநம்பிக்கைகள் வேறு என்று நீங்கள் சொல்லலாம். பெருமளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். கறுப்புப் பூனையைக் கண்டு நின்று போகிறவரால் யாருக்கும் தீங்கில்லை. ஆனால் ஒரு சமூகமே ஒன்றாக நம்பினால் சில்லறையும் பெருந்தொகையாகிவிடும். ஜப்பானில் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் நெருப்புக் குதிரை ஆண்டில் பிறக்கும் பெண்கள் கணவனுக்குக் கேடு விளைவிப்பார்கள் என்று ஒரு நம்பிக்கை. 1965இல் அங்கே 18 லட்சத்து 20 ஆயிரம் குழந்தைகள் பிறந்தன. நெருப்புக் குதிரை ஆண்டான 1966இல் அது 13 லட்சத்து 60 ஆயிரமாக இறங்கியது. மறு ஆண்டே 19 லட்சத்தைத் தாண்டியது. புல்லட் ரயில் ஓடத் தொடங்கி இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த, எழுத்தறிவில் முன்னணியில் நின்ற நாடு அது. தான் நம்பாவிட்டாலும் மற்றவர்கள் நம்புவார்கள், பிறக்கும் மகளுக்குக் கல்யாணச் சந்தையில் மதிப்பிருக்காது என்று பயந்தே பலர் குழந்தையைத் தள்ளிப்போட்டார்கள். மூடநம்பிக்கை நிலைத்து நிற்க எல்லோரும் நம்ப வேண்டிய தேவைகூட இல்லை. எல்லோரும் நம்புகிறார்கள் என்று எல்லோரும் நினைத்தால் போதும்.

சட்டம் என்ன செய்ய முடியும்? சட்டம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது. பிரிட்டன் 1735இல் ஒரு சட்டத்தின் மூலம் திசையை மாற்றியது. சூனியம் செய்வது அதுவரை குற்றம். அதன்பின் தனக்கு மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லி ஏய்ப்பது குற்றம். இதற்கு நேர்மாறாக, கேமரூனின் தண்டனைச் சட்டத்தில் சூனியம் செய்வது இன்றும் தண்டனைக்குரிய குற்றம். நீதிமன்றமே சூனியம் உண்டு என்று ஒப்புக்கொண்டுவிட்டால், பழி சுமந்தவர் எங்கே போவார்? பப்புவா நியூ கினியில் ஓர் இளம்பெண்ணைப் பட்டப்பகலில் ஊரார் முன்னிலையில் உயிரோடு எரித்த கொடுமைக்குப் பிறகுதான், 2013இல், சூனியத்தை ஏற்றுக்கொண்டிருந்த 1971ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கினார்கள். கானாவில் 2020இல் தொண்ணூறு வயது மூதாட்டி ஒருவர் சந்தைவெளியில் அடித்துக் கொல்லப்பட்டார். அதன்பின் 2023இல் நாடாளுமன்றம் சூனியக் குற்றச்சாட்டைத் தடை செய்யும் மசோதாவை நிறைவேற்றியும் அன்றைய அதிபர் கையெழுத்திடவில்லை. இந்தியாவில் பிகார் 1999இலேயே சட்டம் கொண்டுவந்தது. ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா, ராஜஸ்தான், அசாம் ஆகியவை அடுத்தடுத்து வந்தன. மகாராஷ்டிரத்தில் பல ஆண்டுகள் இழுபட்ட சட்டம், அதற்காகப் பாடுபட்ட மருத்துவர் நரேந்திர தாபோல்கர் 2013 ஆகஸ்டில் புனேயில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நிறைவேறியது.

சட்டம் வேண்டும். ஆனால் அது பெரும்பாலும் பிணம் விழுந்தபின் வருகிறது. அதற்கு முன்னால் ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு வீட்டுக்குள், ஒரு பெயர் வெளியே வருவதற்குச் சற்று முன்பு. "யாரோ செய்துவிட்டார்கள்" என்ற பேச்சு எழும்போது அங்கே இருக்கும் ஒருவர், சூனியம் உண்டா இல்லையா என்ற விவாதத்தைத் தொடங்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் அது எடுபடாது. "முதலில் மருத்துவமனைக்குப் போவோம், நானும் வருகிறேன்" என்று எழுந்து நிற்கலாம். வலிப்பு நோய்க்கு மாத்திரை இருக்கிறது என்று சொல்லலாம். பெயர் வந்தேவிட்டால், அந்தப் பெயருக்குரியவரின் வீட்டுக்குப் போய் நாலு பேர் பார்க்கும்படி அவரோடு உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம். பழி சுமந்தவர் தனியாக இல்லை என்று ஊருக்குத் தெரிவதே பல சமயம் கை ஓங்குவதைத் தடுக்கும்.

அசாமின் கோல்பாரா மாவட்டத்தில் பிருபாலா ராபா இதைத்தான் வாழ்நாள் வேலையாகச் செய்தார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத கிராமத்துப் பெண். 1980களின் நடுவில் மகனுக்கு உடல்நலம் கெட்டபோது அவரும் எல்லோரையும் போல ஊர் மந்திரவாதியிடம்தான் போனார். மகன் மூன்று நாளில் இறந்துவிடுவான் என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று நாள் கழிந்தது. மகன் சாகவில்லை. அந்தச் சொல் பொய் என்றால் ஊரில் சூனியக்காரிகள் என்று இவர்கள் கைகாட்டிய பெண்களைப் பற்றிச் சொன்னதும் பொய்தானே என்று அவர் யோசித்தார். கூட்டங்களில் எழுந்து அதைச் சொன்னார். ஊர் அவரை ஒதுக்கி வைத்தது, மிரட்டல்கள் வந்தன. அவர் கிராமம் கிராமமாகப் போய், பழி சுமத்தப்பட்ட பெண்களின் பக்கத்தில் நின்றார்; காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்; பத்துக்கணக்கானவர்களை உயிரோடு மீட்டார். சூனிய வேட்டையை ஜாமீனில் வெளிவர முடியாத குற்றமாக்கிய அசாமின் 2015ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய உழைப்பு இருக்கிறது. 2021இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தார்கள். அதே ஆண்டு, ஜார்க்கண்டில் தானே சூனியக்காரி என்று பழி சுமத்தப்பட்டு, அடிபட்டு, தப்பி வந்து, பிறகு மற்றப் பெண்களைக் காப்பாற்றப் புறப்பட்ட சுட்னி மஹதோவுக்கும் அந்த விருது கிடைத்தது. பிருபாலா 2024 மே மாதம் காலமானார்.